காருக்குள் இறங்கிய தண்ணீர்

ஐப்பசி, வியாழன் இரவு. அனுமந்தன்பட்டி.

நாளை என் வீட்டுக்காரருடைய கால் புண்ணுக்குக் கட்டு மாற்றத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போன தடவை மழையில் போனபோது காருக்குள் தண்ணீர் இறங்கி, காலடியில் கிடந்த மேட் ஊறி, கட்டும் நனைந்துவிட்டது. சர்க்கரை உள்ளவருக்குப் புண் நனையலாமா என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். அன்றிலிருந்து இவருக்கு ஒரே பிடிவாதம்.

"நான் வரலை. மருந்து மட்டும் வாங்கிட்டு வா."

கம்பத்து மெக்கானிக் கதவு ரப்பரை மாற்றிக் கொடுத்தார். நேற்றைய மழையில் மறுபடியும் ஒழுகியது. இன்று மத்தியானம் நானே வேலையில் இறங்கிவிட்டேன். மேட்டை எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். இவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து டார்ச்சைக் கொடுத்தேன். கதவின் மேல் ஹோஸைப் பிடித்தேன். ஒரு சொட்டு இல்லை. முன் கண்ணாடியின் அடியில் பிடித்ததும் உள்ளேயிருந்து கத்தினார்.

"இங்கன வருது ஜெயா! ஏசிக்குக் கீழ!"

பானெட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் வெளியேறும் ஓட்டையைப் புளிய இலை மக்கி அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் ஏசிக்குக் காற்று போகும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. மக்கிய இலையைக் கை கையாக அள்ளிப் போட்டேன். ஒரு நகம் பிய்ந்தது. மறுபடியும் ஹோஸைப் பிடித்தேன்.

"இப்ப எப்படிங்க இருக்கு?"

"காஞ்சுதான் கிடக்கு. இன்னும் கொஞ்சம் பிடி."

வீட்டுத் தண்ணீர்த் தொட்டி காலியாகும்வரை பிடித்தேன். சொட்டவில்லை. இவர் டார்ச்சை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "டாக்டர் காலையில எப்ப வருவாக?"

இப்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெய்யட்டும்.