இடக்கையால் ஆற்றிய தேநீர்

தோட்டத்து வீடு, ரெம்பாவ்
ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் யோகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உனக்கும் மாரியம்மா துணை இருக்கட்டும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன். அழுதால் நீ சமாதானம் சொல்வாய். எனக்குச் சமாதானம் வேண்டாம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா, அதற்குத்தான்.

முதலில் நல்ல செய்தி. உன் அக்கா ஷாமினிக்கு ஐந்தாம் மாதம். ஆவணியில் சிரம்பானில் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். மாமியார் அவளைக் கீழே விடாமல் தாங்குகிறார். நான் இன்னமும் செம்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலையில்தான் இருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, வேலை வாங்கும் மண்டோர் வாய் அதற்கு மேல் பிளக்கிறது.

படிக்கிற ஊரில் மழையும் புத்தகமும்தான் என்று சலித்துக்கொண்டாயே, சனி ஞாயிறு லண்டன் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் போய் வா என்றேன். லண்டன் என்றதும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தது உண்மை. செத்துவிட்ட உன் அப்பா போன ஊர், இனிமேல் என்ன பயம் என்று அடக்கிக்கொண்டேன். பாலம், சிவப்பு பஸ், பெரிய கடிகாரம் என்று குடும்பக் குழுவில் படம் படமாகப் போட்டாய். கடைசியில் மலேசியச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயோடு ஒரு படம். "லண்டன் வரைக்கும் போயும் ரொட்டி சானாய்தானா லா" என்று உன் தர்மராஜ் மாமா கிண்டல் செய்தார். நானும் சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

உனக்குப் பின்னால் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே தூக்கிய கை இடது கை. தெமியாங் தெருவோரத்து ஒட்டுக்கடையில் அந்தக் கையை எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறேன். இடக்கையால் ஆற்றுவார், வாடிக்கையாளர் கோபிப்பார்கள் என்று வலக்கைக்கு மாற்றிக் கொடுப்பார். தலை நரைத்திருக்கிறது, கொஞ்சம் பருத்தும் இருக்கிறார். உன் அப்பாதான். அதே படத்தில் கல்லாவில் இருந்த பெண் யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

சற்று நேரத்தில் அந்தப் படத்தை மட்டும் அழித்துவிட்டாய். அப்போதும் அவர் யாரென்று உனக்குத் தெரியாது என்றுதான் நம்பினேன். மறு வாரம் போன் செய்து, "அம்மா, இப்பல்லாம் எல்லாரும் பொட்டு வைக்கிறாங்க, நீங்களும் வச்சிக்கலாமே" என்றாய். பிள்ளைக்கு என்ன மனசு என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்காளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்கு லண்டன்தான். பெரிய விடுமுறைக்கும் வீட்டுக்கு வராமல் அங்கே ஒரு கடையில் வேலை பார்க்கப் போகிறேன் என்றாய். அப்புறம், "டிசம்பர்ல ஒரு ஆள கூட்டிட்டு வரேன்மா, யாருன்னு கேக்காதீங்க, பார்த்தா அழுதுடுவீங்க லா" என்றாய். ஏதோ பெண்ணாக்கும் என்று நினைத்த மடச்சி நான். நேற்று நாற்றுகளுக்கு நடுவில் நின்றபோதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. பொட்டை எனக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாய்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்றதும் எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் வந்தது. அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று அவர் விமானம் ஏறியபோது நீ பால்பல் விழுந்த பிள்ளை. ஒரு வருடம் போன் வந்தது, அப்புறம் நம்பரே இல்லை. மாமா தேடாத இடமில்லை. ஷாமினிக்கு வரன் வந்தபோது பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டார்கள். ஓடிப்போனவர் என்றால் பெண் எடுப்பார்களா? பன்னிரண்டு வருடம் தகவல் இல்லாதவரைப் போனவராக வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்றார் பூசாரி. தர்ப்பைப் புல்லில் ஆள் கட்டினோம். நீ மொட்டை அடித்து, மணியம் என்று பெயர் சொல்லி அதற்குக் கொள்ளி வைத்து, போர்ட்டிக்சன் கடலில் கரைத்தாய். அன்றைக்குத் தாயம்மா அக்காள் என் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டது. புல்லுக்குக் கொள்ளி வைத்தார்கள், தாலி மட்டும் நிஜத் தாலி.

உன் அக்கா கல்யாணத்தில் மாமாவும் அத்தையும்தான் தாரை வார்த்தார்கள். மணவறைப் பக்கம் வராதே என்று என்னை யாரும் சொல்லவில்லை. நானாகவே பந்திப் பக்கம் நின்று அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் அந்த நேரத்தில் யாருக்கோ தேநீர் ஆற்றிக்கொண்டிருந்திருப்பார்.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்பார்கள். இவர் செத்த பிறகு இருந்து கெடுக்கிறார். டிசம்பரில் அவரை நீ கூட்டி வந்தால் சம்பந்தி வீட்டில் ஷாமினி என்ன சொல்வாள்? கைக்குழந்தையோடு பொய்க்காரி பட்டம் வாங்குவாளா? நான் பொட்டு வைத்துக்கொண்டு தோட்டத்து வாசலில் நிற்க வேண்டுமா? அவர் மறுபடி விமானம் ஏறினால் அழிக்க வேண்டுமா? உனக்கு அப்பா கிடைத்திருக்கிறார். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, உன் ஏக்கம் எனக்குத் தெரியாதா? போய்ப் பார், அவர் கையால் தேநீர் குடி. அதை நான் தடுக்கவில்லை. என்னிடம் மறைத்தாயே, அதுதான் பொறுக்கவில்லை. அவரைப் போலவே நீயும் லண்டனில் வைத்து என்னை ஏமாற்றப் பழகிவிட்டாய்.

டிசம்பரில் தனியாக வா. அதற்கு முன்னால் எனக்கு ஒன்று செய். ஆடி அமாவாசை வருகிறது. போன வருடம் போர்ட்டிக்சனில் விட்டாய் அல்லவா, அதேபோல அங்கே அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விடு. எள் அங்கே கிடைக்குமோ என்னவோ, ஒரு பிடி இந்த உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். குளிராக இருந்தால் தலை முழுக வேண்டாம், காலை மட்டும் நனை. பெயரைச் சொல்லித்தான் விட வேண்டும். அவரே உன் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை, அவர் காதில் விழும்படி சொல்.

நீ நன்றாக இரு, என் கண்ணே. நன்றாகப் படி.

உன் அம்மா,
தனலெட்சுமி