கேள்வி ஏழு

ஏப்ரல் 9
பத்திரிகை அலுவலக வாசலில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வண்டி. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரி. பிறகு குழாயில் ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க, ஊதுங்க... நிறுத்தாதீங்க, இன்னும்!" சோதித்த பெண் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. கைகளிலும் கணுக்கால்களிலும் பட்டை கட்டி, ரத்தக் குழாயில் நாடியலை ஓடும் வேகத்தையும் அளந்தார்கள்.

படிவத்தில் கேள்வி ஏழு: புகைபிடிப்பீர்களா? எப்போதும்போல் ‘பிடித்ததே இல்லை’ என்பதில் வட்டமிட்டேன். அப்படிச் செய்தால் எட்டு, ஒன்பது, பத்தைத் தாண்டிவிடலாம். செவிலியின் உபதேசமும் மிச்சம். நகர ஆய்வுக்கு விவரம் தரச் சம்மதமா? சம்மதம்.

ஏப்ரல் 30
முடிவு வந்தது. நுரையீரல் வயது 71. நாடியலை நொடிக்கு 17.8 மீட்டர். குழாய் விறைக்க விறைக்க அலை வேகமாக ஓடுமாம். என் வயதுக்கு 14க்குள் இருக்க வேண்டும். புகைப்படக்காரன் நகுமோ தாளைப் பிடுங்கிப் பார்த்தான்.

"யோவ் குவாயாமா, உன் நுரையீரல் உனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சுய்யா!"

சிரித்தேன். பிறகு இரண்டாம் மாடிக்கு ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

மே 2
ராத்திரி, பால்கனியில் மூன்று சிகரெட். நுனி மினுங்குவதைப் பார்த்து உள்ளேயிருந்து மனைவி சிஸுரு: "மின்மினிப் பூச்சி சார், கதவைச் சாத்துங்க. புகை உள்ளே வருது."

மே 21
நகர ஆய்வை நடத்தும் டாக்டர் ஹதகெயாமாவைப் பேட்டி கண்டேன். நாற்பதிலிருந்து அறுபது வயதுவரை உள்ளவர்கள், ஆயிரத்துக்கும் மேல். திரையில் புள்ளிப் படம்.

"மூச்சு குறைஞ்சவங்களுக்குக் குழாயும் விறைச்சிருக்கு. எதுனால எதுன்னு நான் இன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டும் சேர்ந்து போகுது, அவ்வளவுதான். அப்படியே எழுதுங்க, சரியா? கூட்டி எழுதாதீங்க."

"எழுத மாட்டேன்."

"புகைக்காதவங்கள்ல இந்த ஒருத்தர்தான் புரியல." தனியே மேலே நின்ற புள்ளியைத் தொட்டார். "ஆண், ஐம்பத்து மூணு. நுரையீரல் எழுபத்தொண்ணு, அலை 17.8. சிகரெட்டையே தொட்டதில்லையாம். பரம்பரைக் கோளாறோ என்னவோ. இவரைப் பத்தியே தனியா ஒரு கட்டுரை எழுதலாம்னு இருக்கேன்."

குறிப்பேட்டில் 17.8 என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றது. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

செய்தியில் ஒரு வீட்டு எண் தப்பாக வந்ததற்கு இளைய நிருபர்களை நேரில் போய் மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான். ஆயிரத்தில் ஒரு புள்ளிதானே? — இல்லை. அந்த டாக்டரம்மா இல்லாத நோயைத் தேடிட்டு இருக்காங்க. இருக்கிற நோயை நான் பாக்கெட்ல வெச்சிட்டுச் சுத்துறேன்.

மே 22
தொலைபேசியில் சொன்னேன். "டாக்டர், அந்தப் புள்ளி நான்தான். ஒரு நாளைக்கு இருபது. இருபது வயசுலேர்ந்து."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"நிருபர்தானே நீங்க?"

"ஆமாங்க."

"நல்லா இருக்குய்யா உங்க நிருபர் வேலை. என் கட்டுரை போச்சு." பெருமூச்சு கேட்டது. "புதன்கிழமை கிளினிக்குக்கு வாங்க. பாக்கெட்டை வீட்டுல வெச்சிட்டு வாங்க."

மே 27
சிகரெட்டை விட உதவும் வில்லைகள் கொடுத்தார். போனது திரும்பாது, இனிமேல் போவதை மெதுவாக்கலாம் என்றார். இன்றிலிருந்து சிகரெட் இல்லை.

ஜூன் 6
செய்தி வெளியானது. டாக்டரின் பழைய அட்டவணையில் புகைக்காதவர்கள் 412 பேர் இருந்தார்கள், அச்சில் 411.

ஜூலை 19
திருவிழாச் செய்தி. நகுமோவிடம் ஒன்று வாங்கிப் பிடித்தேன். பிறகு கடைக்குப் போனேன்.

செப்டம்பர் 13
பாக்கெட்டில் கடைசி ஒன்று. அதோடு நிறுத்தம். சிஸுருவிடம் சொல்லவில்லை. போன தடவை சொல்லிவிட்டுத்தான் தோற்றேன்.

நவம்பர் 3
சிஸுரு கேட்டாள்: "பால்கனி லைட் ஃப்யூஸ் போய் ஒரு மாசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது.

ஏப்ரல் 8
மறுபடி பரிசோதனை வண்டி. கேள்வி ஏழில் ‘முன்பு பிடித்தேன்’. எட்டு, எத்தனை: 20. ஒன்பது, எத்தனை ஆண்டு: 33.

பத்து, நிறுத்தியது எப்போது? பின்னால் நகுமோ: "பரீட்சையாய்யா எழுதுற? நகரு!"

மே 27 என்று எழுத ஆசைதான். செப்டம்பர் 14 என்று எழுதினேன்.