மதினிக்கு ஊற்றாத மஞ்சள் தண்ணீர்

சித்திரை 27, இரவு

இன்று எங்கள் தெரு மாரியம்மன் பொங்கலுக்குக் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. வாளியைத் தூக்கிக்கொண்டு முறைக்காரர்கள் ஒருவரையும் விடாமல் நனைத்தேன். கடைக்குள் ஒளிந்த மச்சானைக்கூட இழுத்துவந்து ஊற்றினேன்.

மதினி வீட்டு வாசலில் மட்டும் என் கால் நின்றுவிட்டது. அண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏலக்காய் பிரிக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நிறம்போன ஒரு பழைய சேலையில் மதினி நின்றிருந்தாள். திருவிழா அன்றும் இப்படியா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏ செல்வி, எனக்கு மட்டும் தண்ணி தீந்துபோச்சா?" என்று சிரித்தாள்.

எதிர்வீட்டுப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சளி புடிச்சுக்கிரும் மதினி" என்றேன். இந்தச் சித்திரை வெயிலில்! மீதமிருந்த அரை வாளித் தண்ணீரை அவள் கண்ணெதிரிலேயே சாக்கடையில் கொட்டினேன். "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சற்று முன் என் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டபோதுதான் உறைத்தது. இதுவும் நிறம்போன பழசுதான். மஞ்சள் தண்ணீருக்கு நல்ல சேலையை எவள் கட்டுவாள்? நனைவதற்கென்றே மதினியும் காலையில் தேடி எடுத்துக் கட்டியிருக்கிறாள்.