பனைமரத்தில் நொச்சிக்கிளை

என் வண்டிப் பெட்டியைத் திறந்தால் நொச்சி மணக்கிறது. புதுப் பட்டுச்சேலையை முகர்ந்து பார்த்து வாங்கும் காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் நான் மட்டும் கொசு விரட்டும் வாசனையோடு நிற்கிறேன். நீ இருந்திருந்தால், "உனக்கேத்த சென்ட்டுதான்பா" என்றிருப்பாய்.

முதல் மழை பெய்ததும் முசரவாக்கத்து மேய்ச்சல் வெளிக்குப் போகும் வழியிலுள்ள பனையில் நீ நொச்சிக்கிளை கட்டுவாய். அது இருக்கும்வரை எந்த மந்தையும் உள்ளே போகாது. புல் வளர்ந்து, கதிர்விட்டு, விதை உதிர்ந்த பிறகே அவிழ்ப்பாய். கோடைவரை எல்லா ஆடுகளுக்கும் அந்தப் புல்தான். வேலி இல்லை, காவல் இல்லை. எழுதிவைத்த சட்டங்கள் மீறப்படுவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, எழுதாத ஒன்று மதிக்கப்படுவது சற்று ஒழுங்கீனமாகவே பட்டது.

"ஆட்டுக்குப் பசி இருக்குது, நமக்கு புத்தி இருக்குது. யாரு பொறுத்துக்கணும்?" என்பாய்.

மீறியவருக்கு ஒரே தண்டனை: திறக்கும் நாளில் அவர் மந்தை கடைசியாகத்தான் போகும். ஒரு வருடம் உன் கிடாவே உள்ளே நுழைந்துவிட்டது. திறந்த அன்று நீ எல்லோருக்கும் பின்னால் நின்றாய். பக்கத்து மந்தைக்காரர் ஏழுமலை விடவில்லை. "கிளை கட்டனவரே கடைசில நிக்கறாரு, மாலை போடுங்கப்பா!"

"போடு, ஆடு தின்னட்டும்" என்றாய்.

நீ இறந்த பிறகு வந்த முதல் மழையில் பனை வெறுமையாக நின்றது. நீ கட்டிய இடத்தில் தான் கட்டுவதா என்று ஒவ்வொருவருக்கும் கூச்சம். நாலாம் நாள் ஒரு மந்தை இறங்கியது. மறுநாள் எல்லாம் இறங்கின. உன் மனைவி மட்டும் ஆடுகளை வீட்டில் கட்டி, தழை ஒடித்துப் போட்டாள்.

"இப்பவே மேஞ்சிட்டா மாசில புல்லு ஏதுண்ணா? ஆட்டையெல்லாம் வித்துட்டு நான் இன்னா பண்றது? நீங்க அவரு சிநேகிதரு, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள்.

அவள் நம்பிக்கையை நான் ஏழுமலையிடம் கொண்டுபோனேன்.

"நான் நிறுத்திக்கினா அவனுங்க நிறுத்துவானுங்களா சார்?" என்றார். மற்றவர்களும் இதையே சொன்னார்கள். ஊரில் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை உன் மனைவியே ஏணி வைத்துக் கட்டினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏழுமலை மந்தையோடு வந்தார். கிளையைப் பார்த்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி ஆடுகளை உள்ளே ஓட்டிப் போனார்.

அன்றிலிருந்து எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். கிளையை அவிழ்த்தெறிய ஒருவருக்கும் கை வரவில்லை. அதைத் தாண்டாமலிருக்க ஒருவருக்கும் கால் வரவில்லை. புல் தரையோடு தரையாகிவிட்டது. உன் மனைவி இரண்டு குட்டிகளை விற்றுவிட்டாள். மிச்ச ஆடுகளைத் தினமும் பனைவரை ஓட்டிவந்து, எல்லோரும் பார்க்கத் திருப்பி ஓட்டிப் போகிறாள்.

"கிளை காஞ்சிபோச்சுன்னா தொறந்துட்டதா நெனைச்சிக்குவாங்க. பச்சையா வேற ஒண்ணு எடுத்துக்கினு வாங்கண்ணா" என்றாள் நேற்று.

அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.