செவ்வரக்கு உடைந்த பெயரேடு

நலம் விளைக. வேங்கைமலை நாடாளும் பூதலமாதேவியார் திருவாணைப்படி, ஓலைச்சாலைத் தலைவன் சாத்தன் விடுக்கும் ஓலை. கடல்முனைக் கோட்டை காக்கும் வில்லவராயர் காண்க. உமது கிணறுகள் உவர்க்காதிருக்க. உமது கலங்கள் கரைசேர்க.

ஆறாண்டுகளுக்கு முன் ஓலைச்சாலை வாசலில் நடந்த பேச்சைச் சாத்தன் இன்று மறைக்காமல் எழுதுகிறான். மருதங்கரை நெசவுக்காரி இளநாச்சி, செவ்வரக்கு இட்ட கட்டு ஒன்றைக் காட்டி, அதில் என்ன உள்ளது என்று கேட்டாள். போருக்குப் போன வீரர் எவர் எக்கோட்டையில் உள்ளார் என்னும் பெயரேடு அது; அரசர் கண்ணுக்கு மட்டுமே உரியது என்றான் சாத்தன். அவள் சற்றுத் தயங்கி, சும்மா கேட்டதாகவும், ஊர் வாய்க்காலில் தூர் வார ஆள் கேட்கவே வந்ததாகவும் சொல்லித் திரும்பினாள். மறு ஆண்டு பாலம் கேட்டாள், பிறகு மாடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி. கேட்டதெல்லாம் கிடைத்தும் அவள் முகம் தெளியவில்லை.

பகைவர் அறியாதிருக்க முன்னாள் அரசர் இட்ட அரக்கு அது. போர் முடிந்து ஒன்பதாண்டுகள் ஆகியும் அதை உடைக்கச் சாத்தனுக்குத் தோன்றவில்லை. உறவினர் கோட்டையின் பெயர் சொல்லி அழைத்தாலன்றி வீரனை விடுவிப்பதில்லை என்பது நம் வழக்கம். கோட்டையின் பெயரோ அந்த ஏட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது.

இவ்வாண்டு குறைகேட்கும் நாளில் இளநாச்சி, முன்பே கேட்டுப் பெற்ற பாலத்தையே மீண்டும் கேட்டாள். அரசியார் சிரித்து, குறையே இல்லாத ஊர் இந்நாட்டில் உன் ஊர் ஒன்றுதான் பெண்ணே, இனி உன் குறையைச் சொல் என்றார். அவள் சொன்னாள். அப்பொழுதே அரக்கு உடைந்தது. உமது கோட்டைக் காவல் வீரர் வரிசையில், கொற்றன் என்னும் பெயர் கண்டு அவை முழுதும் மூச்சுவிட்டது. சாத்தனும் விட்டான்.

ஆகவே, ஆணை: கொற்றனை இன்றே வழிச்சோறும் வண்டியும் தந்து அனுப்புக. இவ்வோலையுடன் வரும் ஏட்டின் படியைக் கோட்டை வாசலில் வைத்து, கேட்போர் எவராயினும் காரணம் வினவாமல் வாசித்துக் காட்டுக. இனி அரசு அறிந்ததைக் குடிகள் அறியத் தடை இல்லை. இது திருமுத்திரை.

கொற்றன் புறப்படுமுன், அவள் அவையில் சொன்னதை அவன் கேட்க உரக்க வாசிக்க: கொற்றன் என் கணவர், அவர் இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லுங்கள், நான் அழைக்கிறேன் என்று அவரிடமும் சொல்லுங்கள்.