தூங்கும் நேரத்துக்குப் பாதி விலை

மார்ச் 4, செவ்வாய்

தலையில் இரண்டு ரோஸ் கிளிப்போடு இன்று நான் கூலி பேசியிருக்கிறேன்.

மகள் வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அழகு நிலையம் விளையாட்டு. கடை அவளுடையது, வாடிக்கையாளர் நான். வேறு யார் அகப்படுவார்கள் பாவம்? பாதி அலங்காரத்தில் காலிங்பெல். மூன்றாம் மாடி வங்கிக்காரம்மா. இடுப்பில் மகன். நாங்கள் குண்டு என்று கூப்பிடுகிற பையன், வயது ஒன்று ஆகப்போகிறது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திடீரென்று நின்றுவிட்டாராம். வங்கியில் எனக்கு அரை நாள்தான் வேலை, மதியத்திலிருந்து மாலை வரை உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். முடியும் என்றேன்.

"எவ்வளவு எதிர்பாக்குறீங்க அண்ணா?"

பதினோரு வருஷம் பார்க்கிங்கில் நின்று, கார் உள்ளே மூக்கை நீட்டும்போதே விலையைச் சொன்ன வாய் இது. இன்று என்ன சொல்லிற்று தெரியுமா? "அதெல்லாம் எதுக்குங்க, உங்க இஷ்டம்." வெட்கங்கெட்ட வாய்.

பேசும்போதெல்லாம் அவர் என் நெற்றிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதை என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு கிளிப்பில் பட்டாம்பூச்சி வேறு.

மார்ச் 5, புதன்

இவளிடம், என் வீட்டுக்காரியிடம், சொன்னேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு ரத்தம் எடுப்பவள், வீட்டுக்கு வந்து என்னுடையதை எடுத்தாள்.

"உங்க இஷ்டம்னா சொன்னீங்க? அவங்க இஷ்டம் என்னன்னு நான் சொல்லட்டுமா? ஒண்ணும் குடுக்காம இருக்கிறதுதான்."

"பக்கத்து வீட்டுக்காரங்க, எப்படிக் கேக்கிறது?"

"மிஷின் வந்து உங்கள வீட்டுக்கு அனுப்புச்சே, அது யார்கிட்டயாவது கூச்சப்பட்டுச்சா?"

பார்க்கிங்கில் சீட்டு கொடுக்கும் மிஷின் வந்ததிலிருந்துதான் இவள் ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டிக்குப் போகிறாள். ஞாயிறு மாலை வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சோபாவில் உட்கார்வாள். நாலு காசு ஒழுங்காக வந்தால் அந்த டியூட்டியை விட்டுவிடலாம். அது இரண்டு பேருக்கும் தெரியும். விலையை நானே போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 8, சனி

மச்சான் வந்தார். இவளுடைய அண்ணன். இன்ஷூரன்ஸ் விற்பவர். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மாப்ள, ஆயா வேலைக்குச் சேர்ந்துட்டீங்களாமே?"

"ஆமா மச்சான். உங்களுக்கும் டயப்பர் மாத்தணும்னா சொல்லுங்க, சொந்தக்காரங்களுக்குத் தள்ளுபடி உண்டு."

அவர் சிரிக்கவில்லை. "வீட்டுல சும்மாதானே இருக்கீங்க. ஒரு குழந்தை வந்து ஓரமா விளையாடிட்டுப் போவுது. அதுக்குப் போய்க் காசு கேப்பீங்களா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க. ஒரு மத்தியானம் குண்டை விட்டுட்டுப் போறேன்."

வீறாப்பாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த 'சும்மா' காதிலேயே நின்றுவிட்டது. குளிக்கும்போதுகூடக் கேட்டது.

அதனால் உட்கார்ந்து யோசித்தேன். பார்க்கிங்கில் காருக்கு மணிக்கு ஐம்பது. கார் அழாது, கக்காது. ஆகவே குழந்தைக்கு அறுபது. சரி, அது தூங்குகிற நேரம்? அப்போது நான் என்ன கிழிக்கிறேன், சும்மாதானே இருப்பேன்? அதற்குப் பாதி, முப்பது. இதுதான் நியாயம். இந்த ஊரிலேயே என்னைப்போல ஒரு நியாயஸ்தன் கிடையாது என்று எனக்கே தோன்றியது.

மார்ச் 11, செவ்வாய்

விலையைச் சொல்லிவிட்டேன். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

வங்கிக்காரம்மா உடனே சரி என்றார். உடனே என்றால், நான் 'தூங்கினா பாதி' என்று முடிப்பதற்குள். பணத்தோடு பழகுகிறவர் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டினால் எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

முடிதிருத்தும் கடைக்காரர் தன் மகளையும் அதே விலைக்கு விடுகிறார். நான்கு வயது. வந்த பத்து நிமிடத்தில் வாலு அவளுக்குக் கேள்வி என்று பெயர் வைத்துவிட்டாள். "மாமா, உங்களுக்கு ஏன் வேலை இல்ல?" என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

மார்ச் 14, வெள்ளி

குண்டு இன்று மூன்று மணி நேரம் தூங்கினான். கிடைத்தது ஒன்றரை மணிக் கூலி. நான் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

மார்ச் 17, திங்கள்

எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

மதியம் குண்டைக் கொடுக்கும்போது வங்கிக்காரம்மா சந்தோஷமாகச் சொன்னார்: "காலையிலேர்ந்து கண்ணசர விடல அண்ணா. நல்லா விளையாட வெச்சு, வயிறு நிறையக் கொடுத்திருக்கேன். இப்ப போட்டா சாயங்காலம்தான் எந்திரிப்பான்." பையன் அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டான். எனக்குப் பார்க்க ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரைச் சொல்லி என்ன? தூங்கினால் லாபம் என்று விலை போட்டவன் யார்?

சாயங்காலம் கேள்வியின் அப்பா வந்து தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தலைவரே, மாடி வீட்டுக்குப் பாதி, எனக்கு முழுசா?"

"உங்க பொண்ணு தூங்கினாத்தானே?"

"அது தூங்காதது என் குத்தமா? எங்க கடையில மொட்டைத் தலைக்காரன் வந்து உக்காந்தாலும் அதே காசுதான். முடி கம்மியா இருக்கு, பாதி எடுத்துக்கன்னா கத்தரியாலயே குத்துவேன்."

சிரித்தோம். ஆனால் அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குண்டுக்கு மூக்கடைப்பு உண்டு. விழித்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. படுத்தால் கரகர என்று இழுக்கும். சில சமயம் நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு பெரிதாக ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. அவன் விழித்திருந்தால் நான் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தூங்கினால்தான் அசைய முடிவதில்லை.

இதற்கா பாதி? என் மூளையை எந்தக் கடையில் அடகு வைத்தேன்?

மார்ச் 20, வியாழன்

குண்டைத் தோளில் போட்டு, கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வாலுவைக் கூட்டிவரும் வழியில் பழைய பார்க்கிங்கைத் தாண்டினோம். கம்பி வேலியோரம் நின்று பார்த்தேன். வரிசை வரிசையாகக் கார்கள். எல்லாம் எஞ்சின் அணைந்து, வாய் மூடி, தூங்கிக்கொண்டு.

பதினோரு வருஷமாக நான் பார்த்தது இதைத்தானே? தூங்குகிற கார்களை! ஓடுகிற காரை எவன் காவல் காக்கச் சொன்னான்? எஞ்சினை அணைத்துவிட்டேன், பாதி எடுத்துக்கொள் என்று ஒருத்தனாவது சொல்லியிருக்கிறானா? அந்த மிஷினிடம் போய்ச் சொல்லிப் பாரேன்.

"ஏம்ப்பா தனியா சிரிக்கிற?" என்றாள் வாலு.

"உங்கப்பன் ஒரு முட்டாள்ங்கிறதக் கண்டுபிடிச்சேன்."

"அது அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமே."

நாளைக்குச் சொல்லிவிடுவேன். மணிக்கு அறுபது. தூங்கினாலும் அறுபது, ஆடினாலும் அறுபது. யார் என்ன நினைத்தாலும் சரி.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று நடந்துவிட்டது. அதை முதலில் எழுதுகிறேன்.

நாலரை மணி இருக்கும். குண்டு சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசலோரம் செருப்பு அலமாரி. கீழ்த்தட்டில் என் நீலச் செருப்பு. அதன்மேல் அவனுக்கு என்றைக்கும் ஒரு கண். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் — சோபாவை விட்டான். ஒரு அடி. கைகளை இறக்கை மாதிரி வைத்துக்கொண்டு இன்னொன்று. நாலாவது அடியில் அலமாரிமேல் விழுந்து செருப்பைப் பிடித்து வாயில் வைத்துவிட்டான். பிடுங்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. வாலு கத்துகிறாள், கேள்வி "இவன் எதுக்கு நடக்கிறான்?" என்கிறாள், என் கண்ணில் ஏதோ தூசி.

ஆறு மணிக்கு வங்கிக்காரம்மா வந்தார். வாலுவை உள் அறைக்கு விரட்டிவிட்டு விலையைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன அண்ணா இது? பத்து நாள்ல இப்படி மாத்திட்டீங்க?"

"தப்பா சொல்லிட்டேம்மா. தூங்கும்போதுதான் எனக்கு வேலை ஜாஸ்தி."

"அவன் பாதி நேரம் படுத்துத்தானே கெடக்கான்? அப்படி என்னதான் பண்ணுறான் இங்க? நீங்களும் வீட்டுலதானே சும்மா..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வந்துவிட்டது. அதே வார்த்தை.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்ன பண்ணுகிறானா? உங்க பையன் இன்னிக்கு நடந்தான்மா. நீங்க பார்க்கல, நான் பார்த்தேன். அதை எடுத்து முன்னால் போட்டிருந்தால் அவர் வாய் அடைத்திருக்கும், நான் ஜெயித்திருப்பேன். போடவில்லை. அது என் சரக்கு இல்லை. அவர் வீட்டுச் சொத்து. அதை வைத்து நான் எப்படி வியாபாரம் பண்ணுவது?

"அறுபதுதாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப நான் வேற இடம் பாத்துக்கிறேன்."

"பாருங்க."

போகும்போது குண்டு தோளுக்கு மேலிருந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டு போனான். வாலுவைக் கூப்பிட்டு, அவன் நடந்ததை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். ஒரு பாக்கெட் பிஸ்கட் கேட்டாள். இவளாவது விலை பேசத் தெரிந்தவளாக இருக்கிறாளே.

மார்ச் 24, திங்கள்

குண்டு வரவில்லை.

மச்சானுக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. போன் பண்ணினார். "நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள? இருந்ததும் போச்சா? மாடிக்குப் போய் முப்பதுக்கே சரின்னு சொல்லிட்டு வாங்க."

"மச்சான், நீங்க பாலிசி எடுத்த ஆளு சாகாம இருந்தா பிரீமியத்துல பாதியத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"அது வேற, இது வேற" என்றார்.

"ஒண்ணுதான்" என்று வைத்துவிட்டேன். போக மாட்டேன். மாடி ஏறமாட்டேன். ஒரே ஒரு படிகூட.

இவள் ஞாயிறு டியூட்டிக்கான சீருடையை இன்றைக்கே துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மார்ச் 26, புதன்

குண்டு தூங்குகிற பாயை இன்னும் சுருட்டவில்லை. மறந்துபோய்த்தான்.

மார்ச் 31, திங்கள்

இவள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள், வருகிற ஞாயிறு கடைசி என்று. மத்தியானம் நான் போன் பண்ணிய கையோடு போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் மனசு மாறுவதற்குள் என்று பயந்தாளோ என்னவோ. நான் போன் பண்ணும்படி ஆனது எப்படி என்றால் —

பள்ளிக்கூடம் லீவு. காலையிலேயே அழகு நிலையம் திறந்துவிட்டது. மூன்று கிளிப், ஒரு ரிப்பன். காலிங்பெல். கதவின் துளை வழியாகப் பார்த்தேன், வங்கிக்காரம்மா. கை தலைக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டேன். எதற்குக் கழற்ற வேண்டும்? வேலை நேரத்தில் இருக்கிறேன். இதுதான் என் சீருடை.

அப்படியே திறந்தேன். அவர் கண்ணுக்குக் கீழே கருப்பு. இடுப்பில் குண்டு.

"ஒரு வாரம் லீவு போட்டு நானே பாத்துக்கிட்டேன் அண்ணா." குரல் இறங்கியிருந்தது. "ராத்திரி பக்கத்துல படுக்கிறேன்தான். களைப்புல எனக்கு ஒண்ணும் தெரியாது. பகல்ல முழிச்சு உக்காந்து பாத்தா, மூச்சு நின்னு நின்னு வருது. பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்னாருதான். ஆனா எந்திரிச்சுப் போக முடியல. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முதுகுல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அவன் எந்திரிக்கிற வரைக்குமா?"

"பின்னே?"

கொஞ்ச நேரம் என் ரிப்பனையே பார்த்தார். பிறகு வங்கிக்காரம்மாவாக மாறி, "அறுபதுல ஒரு பத்து குறைச்சுக்கக் கூடாதா அண்ணா?" என்றார்.

"கூடாதும்மா."

"அஞ்சு?"

"அறுபது. தூங்கினாலும்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். குண்டு என் கைக்குத் தாவினான். ஒரு வாரத்தில் கனம் கூடியிருக்கிறான். திரும்பிப் போனவர், ஏதோ ஞாபகம் வந்து மறுபடி ஓடிவந்தார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"சொல்ல மறந்துட்டேனே! நேத்து நடந்துட்டான் அண்ணா! முத முதல்ல! நான்தான் பாத்தேன், அவங்கப்பாகூட வீட்டுல இல்ல!"

வாலு வாயைத் திறந்தாள். "ஆன்ட்டி, அவன் அன்னிக்கே..." கையில் இருந்த பிஸ்கட்டை அவள் வாயில் முழுசாகத் திணித்தேன்.

"அப்படியா! எத்தன அடி வெச்சான்?" என்றேன்.

"மூணு! ஆனா ஒண்ணு அண்ணா, நான் இங்க கைய நீட்டிக்கிட்டு வா வான்னு கூப்பிடுறேன், அவன் நேரா வாசல்ல இருக்கிற செருப்பப் பாத்துப் போறான். ஏன்னே தெரியல!"

"குழந்தைங்க அப்படித்தாம்மா" என்றேன்.