கழுவாத பாசி

மட்டாஞ்சேரி
6 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேருமே கோபத்தில் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால் உங்கள் தெர்மோகோல் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது இந்தக் காகிதத்தையும் உள்ளே வைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கட்டக்கோரை என்கிற கடல்பாசி மூன்று பெட்டி வந்தது. பாசிமேல் குடியிருக்கும் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. பார்க்க ஒன்றுகூட முளைக்கவில்லை. செப்டம்பருக்குள் முடிவு காட்டாவிட்டால் இந்த ஆராய்ச்சி வேலை போய்விடும் என்று எர்ணாகுளம் ஆய்வகத்து மேடம் சொல்லிவிட்டார்கள். பாசியை எப்படிக் கட்டுகிறீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. கீழ்வீட்டு ஷபானா இத்தா சாயா கொண்டுவந்து, "எந்தா மோளே, கூட்டுல அடைச்ச கோழி மாதிரி நடந்துகிட்டே இருக்க?" என்கிறார்.

உங்கள்
வள்ளி


மண்டபம்
11 ஜூலை

அன்பு வள்ளிக்கு மாரிச்செல்வம் எழுதுவது.

என் பக்கம் ஒரு குறையும் கிடையாது, தாயி. வள்ளத்திலிருந்து இறக்கியதும், லாரியில் வாங்குகிற நல்ல தண்ணீரில் பாசியை மூன்று தடவை அலசுகிறேன். வழவழப்பு போகிறவரை தேய்க்கிறேன். படித்தவர்கள் இருக்கிற இடத்தில், "இவ புருஷன் அழுக்க வாரி அனுப்பியிருக்கான்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பார். பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி அக்கா, "கம்பெனிக்குப் போடுற பாசிய ஒருநாளாவது இப்படிக் கழுவியிருக்கியாடா?" என்று சிரிக்கிறாள்.

முளைக்காவிட்டால் விட்டுவிட்டு வா. இங்கே உனக்கு என்ன குறை?

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
15 ஜூலை

ஐயோ மச்சான்!

எர்ணாகுளத்திலிருந்து படகில் வரும்போது படித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகையும் வந்தது.

நீங்கள் தேய்த்து எடுத்த வழவழப்புதான் எனக்கு வேண்டியது. கடலில் சும்மா நீந்தித் திரிகிற பாக்டீரியா, பாசியில் கசியும் சர்க்கரையை மோப்பம் பிடித்து வரும். பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் நீந்துகிற வாலைக் கழற்றிவிடும். பாசியும் லேசில் விடாது, விஷம் கக்கி விரட்டும். அதைத் தாங்கப் பழகியவைதான் அங்கே குடித்தனம் நடத்தும். பாசியின் சர்க்கரையைத் தின்னும், பதிலுக்குப் பாசிக்கு வேண்டிய சத்தைச் செய்து கொடுக்கும். இத்தனை பாடுபட்டு ஒட்டினதையெல்லாம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிட்டீர்களே!

இனிமேல் கடல் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அப்படியே ஐஸில் வையுங்கள். நல்ல தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

உங்கள்
வள்ளி


மண்டபம்
2 ஆகஸ்ட்

அன்பு வள்ளிக்கு,

சொன்னபடியே அனுப்பியிருக்கிறேன். கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. ஒருத்தனுக்காக உலை வைக்க அலுப்பாக இருக்கிறது. ஆடி முடிந்ததும் வந்துவிடுவாயா?

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
24 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டு பெட்டி வந்தது. இரண்டிலும் ஒன்றுமில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

பாக்டீரியாவுக்குத் தீனி காய்ச்சுகிற அதிதி என்ற பெண்ணைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "நீதான் உப்பைக் கூடக் குறையப் போட்டுக் கெடுக்கிறாய்" என்றேன். அழுதுகொண்டே பையை எடுத்துக்கொண்டு போனவள் நான்கு நாளாக வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. படகில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போகிறேன்.

தோற்றுப்போய் ஊர் திரும்ப எனக்கு மனசில்லை. இன்னும் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் நேரம் இருக்கிறது. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

வள்ளி


மண்டபம்
29 ஆகஸ்ட்

வள்ளி,

அந்தப் பிள்ளை கெடுக்கவில்லை. நான்தான்.

முதல் மூன்று பெட்டி தெரியாமல் கழுவினேன். அடுத்த இரண்டும் தெரிந்தே கழுவினேன். ஒன்றும் முளைக்காவிட்டால் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் கிருமிகூட ஒட்டிக்கொண்டால் வாலைக் கழற்றிவிடுமாம். உன்னோடு வந்து இருந்தபோது எனக்கு அந்த ஊரில் நாலு நாளுக்குமேல் ஒட்டவில்லை. நீ இல்லாமல் இந்த ஊரும் ஒட்டவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, என்னால் அழுதிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்தப் பெட்டியில் நல்ல தண்ணீர் படவில்லை. பாண்டிச்செல்வி அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கட்டினேன். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
14 செப்டம்பர்

மச்சானுக்கு,

மூன்றாம் நாளே தட்டு முழுக்க மஞ்சளும் வெள்ளையும் ஆரஞ்சுமாய்ப் புள்ளிகள். எண்ணி மாளவில்லை.

சுள்ளிக்கலில் அதிதி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பின்னே யாரு சேச்சி கெடுத்தது?" என்றாள். "எங்க வீட்லதான்" என்றேன். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். மேடத்திடமும் நடந்ததைச் சொல்லி, பழைய ஐந்து பெட்டி முடிவுகளையும் தள்ளச் சொல்லிவிட்டேன். வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். நான் இருக்கப் போகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்க எத்தனையோ தடவை எடுத்தேன். நீ இல்லாமல் முடியவில்லை என்று ஜூலையிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் லீவு போட்டு ஓடி வந்திருப்பேனே, பாவி மனுஷா!

இனிமேல் பாசிப் பெட்டியைப் பாண்டிச்செல்வி அக்கா கட்டட்டும். அக்காவிடம் போனில் பேசிவிட்டேன். நீங்கள் பாசியைத் தொடவே வேண்டாம்.

பெட்டிக்குள் கடிதத்தை மட்டும் நீங்கள் வையுங்கள்.

வள்ளி